செகண்ட்ஸில் வாங்கிய 2012 மாடல் டீசல் எஸ்யூவி: ஓட்டிப் பார்த்ததில் தெரிந்தது

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் தாண்டிய ஏழு சீட்டர் டீசல் வண்டி. பொள்ளாச்சியில் வைத்து ஓட்டுகிறேன். கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. காமன் ரெயில் இன்ஜின், அதற்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ, தனிச் சேஸி, பின்சக்கர இழுவை என்று இருக்கும் எந்தப் பழைய எஸ்யூவிக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

பெரிய தலைவலி ஏற்றத்தில்தான் வந்தது. சமவெளியில் குறை தெரியாது. ஆழியாறு தாண்டி வால்பாறை மலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. அங்கே இரண்டாவது கியருக்கு இறக்கிய பிறகும் வண்டி முனகியது, பின்னால் கரும்புகை. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்ததுமே, "டர்போ போயிருச்சுங்க, மாத்திறலாம்" என்றார்கள். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் காட்டிய கோளாறு எண், அதாவது 'கோடு' (code), பி 0299. அதாவது பூஸ்ட் குறைவு. இன்ஜினுக்குப் போக வேண்டிய காற்றழுத்தம் போகவில்லை என்றுதான் அந்தக் கோடு சொல்கிறது. டர்போ கெட்டது என்று அதில் எங்கும் இல்லை. டர்போவுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலர், ரப்பர் ஹோஸ்கள், கிளாம்புகள் இருக்கின்றன, டர்போவைக் கட்டுப்படுத்த வேக்குவம் டியூபும் உண்டு. இதில் எது ஒழுகினாலும் இதே கோடுதான் வரும்.

கையை உள்ளே விட்டுத் தடவியபோது, கீழ் ஹோஸின் அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பிசுக்கு. கழற்றி வளைத்துப் பார்த்தால் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஐடிலில் அது வாயை மூடிக்கொண்டிருக்கும், அழுத்தம் ஏறினால்தான் பிளக்கும். நிறுத்தி வைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பார்த்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்? ஹோஸை மாற்றியதும் இழுவை திரும்பியது, புகையும் நின்றது. டர்போ நிஜமாகவே போயிருந்தால் சைரன் போல ஊளைச் சத்தம் வரும், எண்ணெய் எரிந்து நீலப்புகை வரும். காற்று வரும் குழாயைக் கழற்றி ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள். பக்கவாட்டில் லேசாக ஆடுவது இயல்புதான். முன்னும் பின்னும் ஆடினால்தான் கவலைப்பட வேண்டும்.

இதே சாக்கில் ஈஜிஆரை, அதாவது புகையில் ஒரு பகுதியைத் திரும்ப இன்ஜினுக்கே அனுப்பும் வால்வை, அடைத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். வேண்டாம். கழற்றிக் கரியைச் சுத்தம் செய்தாலே போதும். அடைத்தால் நைட்ரஜன் ஆக்சைடு புகைதான் கூடும்.

அடுத்தது எலக்ட்ரிகல். சில நாள் காலையில் செல்ஃப் 'டக்' என்று ஒரு சத்தத்தோடு நின்றுவிடும். ஸ்டார்ட் ஆகும் நாளில் டேஷ்போர்டில் சம்பந்தமில்லாத விளக்கெல்லாம் எரியும். பேட்டரியில் 12.6 வோல்ட், ஓடும்போது 14 வோல்ட். பேட்டரியிலும் குறையில்லை, ஆல்டர்னேட்டரிலும் குறையில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை இன்ஜின் பிளாக்கிலும் வைத்து, ஒருவரை செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டைச் சுற்றி இருந்தால் நல்லது. எனக்கு ஒரு வோல்ட்டை நெருங்கியது. சேஸிக்குப் போகும் எர்த் பட்டை பச்சை பூத்துப் போயிருந்தது. கழற்றி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, மேலே கிரீஸ் தடவியதோடு முடிந்தது. பழைய வண்டியில் சென்சார் மாற்றச் சொன்னால் முதலில் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு ஸ்பேனர் வேலைதான்.

ஹீட் ஏறுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. டிராஃபிக்கில் ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் ஃபேன் பக்கம் பாருங்கள். ஹைவேயில் ஏறினால் கூலன்ட் குறைவோ ரேடியேட்டர் அடைப்போ இருக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு ஃபேனைக் கையால் சுற்றினால், தடையில்லாமல் சும்மா சுழன்றால் சூடேறியதும் ஃபேனை இன்ஜினோடு பிடித்துச் சுற்றவைக்கும் விஸ்கஸ் கப்ளிங் காலி. என் வண்டியில் கப்ளிங் நன்றாகவே இருந்தது. ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே மஞ்சித் தூசி (தேங்காய் நார்த் தூசி) மெத்தையாகப் படிந்திருந்தது. மஞ்சி மில்கள் உள்ள ஊரில் இது எல்லா வண்டிக்கும் உண்டு. இன்ஜின் பக்கத்திலிருந்து முன்பக்கமாக, மெதுவான தண்ணீரில் கழுவ வேண்டும். வாட்டர் சர்வீஸில் கன்னை நேராகப் பிடித்தால் அலுமினிய இதழ்கள் மடங்கிப் போகும்.

முன்பக்கம் 'டொக் டொக்' என்றால் சஸ்பென்ஷனில் லிங்க் ராடிலிருந்து தொடங்குங்கள், அதுதான் மலிவு. அடுத்து ஆர்ம் புஷ். டயரைப் பட்டன் ஆழம் பார்த்து மட்டும் நம்பாதீர்கள். அதன் வயதைச் சொல்லும் நான்கு இலக்கம் பக்கவாட்டில் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரம் தயாரானது.

மைலேஜ் 11, 12 வருகிறது. இந்த எடைக்கு அது நியாயம்தான்.

ஏசி மட்டும் இன்னும் பாக்கி. கேஸ் போட்டால் சில மாதத்தில் காலி, கூலிங் காயிலில் ஒழுகல். அதை எடுக்க டேஷ்போர்டையே இறக்க வேண்டும், பிளாஸ்டிக் கிளிப்புகள் உடையாமல் திரும்பி வருமா என்பதுதான் பயம். 2012-ல் பதிவான வண்டிக்கு 2027-ல் 15 வருஷம் முடிகிறது. எஃப்சி (தகுதிச் சான்று) காட்டி ஆர்சியை இன்னும் 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். அதற்கு முன்னால் டேஷ்போர்டைக் கழற்றுவதாக இல்லை.