மெர்சி ஷிப்ஸ்: மாதக்கணக்கில் தங்கும் மருத்துவ ஊழியம்

வெளிநாட்டு மருத்துவ ஊழியத்துக்குப் போக விரும்பும் செவிலியர்களும் மருத்துவர்களும், எந்த அமைப்போடு போவது நல்லது என்று என்னிடம் கேட்பதுண்டு. அறுவை அரங்கில் நெடுங்காலம் வேலை பார்த்தவள் என்ற முறையில், எந்த அமைப்பிடமும் நான் முதலில் கேட்பது இதுதான்: அறுவை சிகிச்சை முடிந்த மறுவாரம் அந்த நோயாளியின் கட்டைப் பிரித்துப் பார்க்கப்போவது யார்?

இந்தக் கேள்வி எனக்கு வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு குழுவோடு வெளிநாட்டில் பத்து நாள் முகாமுக்குப் போயிருந்தேன்; குழுவின் பெயர் இங்கே தேவையில்லை. தீக்காயத் தழும்பு இறுகி, முழங்கை மடங்கியபடியே ஒட்டிப்போயிருந்த ஒரு சிறுமிக்கு எட்டாம் நாள் அறுவை செய்து, கையை நீட்டி, தோல் ஒட்டி, கை மறுபடி மடங்காமல் தாங்கிப்பிடிக்கும் சிம்பு வைத்தோம். பத்தாம் நாள் காலையில் நன்றி ஜெபம் முடிந்து நாங்கள் வண்டியேறும்போது, அவளுடைய தாய் சிம்பின் மேல் விரலை வைத்து, இதை எப்போது எடுப்பது என்று சைகையால் கேட்டார். மொழிபெயர்ப்பவர் அதற்குள் கிளம்பிவிட்டிருந்தார். நான் விரல்களை விரித்துக் காட்டினேன். அதை அந்தத் தாய் நாள் கணக்காக எடுத்துக்கொண்டாரா, வாரக் கணக்காக எடுத்துக்கொண்டாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்படிப்பட்ட கைக்கு அறுவை பாதி வேலைதான். அதன்பின் வாரக்கணக்கில் கட்டு மாற்றி, சிம்பு மாற்றி, பயிற்சி கொடுக்காவிட்டால் தழும்பு மறுபடி இறுகிவிடும்.

அந்தக் கேள்வியோடு பார்க்கும்போது, நான் அறிந்த அமைப்புகளில் தயங்காமல் பரிந்துரைப்பது மெர்சி ஷிப்ஸ் என்னும் கப்பல் மருத்துவமனை ஊழியத்தைத்தான். டான் ஸ்டீஃபன்ஸும் அவர் மனைவி டியோனும் 1978இல் தொடங்கிய அமைப்பு இது. பழைய பயணிகள் கப்பல் ஒன்றை வாங்கி, கிரேக்க மொழியில் உயிர்த்தெழுதல் என்று பொருள்படும் 'அனஸ்டாசிஸ்' என்ற பெயரைச் சூட்டினார்கள். டென்மார்க்கில் ரயில்களை ஏற்றிச் சென்றுகொண்டிருந்த கப்பலை மாற்றியமைத்து 2007இல் பணியில் இறக்கிய 'ஆஃப்ரிக்கா மெர்சி' இன்றும் ஓடுகிறது. மருத்துவமனையாகவே திட்டமிட்டுச் சீனாவில் கட்டப்பட்ட 'குளோபல் மெர்சி', 174 மீட்டர் நீளம், 12 தளங்கள், 6 அறுவை அரங்குகள், 200 படுக்கைகள் கொண்டது. 2022இல் செனகல் நாட்டின் டக்கார் துறைமுகத்துக்கு முதன்முதலாக வந்து, 2023 ஆகஸ்ட்டில் சியரா லியோனின் ஃபிரீடவுனுக்குச் சென்றது.

கப்பல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல மின்சாரமும், சுத்தமான தண்ணீரும், தட்டுப்பாடில்லாத ஆக்சிஜனும் இல்லாத இடத்தில் பெரிய அறுவையைப் பாதுகாப்பாகச் செய்ய முடியாது, இவற்றையெல்லாம் சி.டி. ஸ்கேன், ஆய்வகம் உட்பட ஒரே மேற்கூரையின் கீழ் கொண்டுவந்து சேர்க்கக் கப்பலால் முடிகிறது. பாதுகாப்பான, கட்டுப்படியாகும் அறுவை சிகிச்சையை உரிய நேரத்தில் பெற வழியில்லாதவர்கள் உலகில் 500 கோடிப் பேர் என்று 2015இல் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையம் கணக்கிட்டது. குடலிறக்கம், கண்புரை, உதட்டுப் பிளவு, முகத்தையே மறைக்குமளவு வளர்ந்த தாடைக் கட்டி எனக் கப்பலுக்கு வருகிறவர்களில் பலர், நம் ஊர் மாவட்ட மருத்துவமனையில் ஆரம்பத்திலேயே தீர்ந்திருக்கக்கூடிய நோயை ஆண்டுக்கணக்கில் சுமந்தவர்கள்.

என் கேள்விக்கு விடை கிடைப்பது கப்பல் தங்கும் காலத்தில்தான். ஒரு துறைமுகத்தில் ஏறக்குறைய பத்து மாதம் கட்டிக் கிடக்கிறது. படுக்கையில் இருக்கத் தேவையில்லாதவர்கள் தங்குவதற்குக் கரையில் ஹோப் சென்டர் என்ற விடுதி இருக்கிறது. தொலைவிலிருந்து வந்தவர்கள் அங்கேயே தங்கிக் கட்டு மாற்றவும் பிசியோதெரபிக்கும் வந்துபோகிறார்கள். பிரசவச் சிக்கலால் ஃபிஸ்டுலா என்னும் உள்துளை ஏற்பட்டு, சிறுநீர் ஓயாமல் கசிந்ததால் வீட்டாரே ஒதுக்கிவைத்த பெண்களுக்கு, சிகிச்சை முடிந்து வீடு திரும்புமுன் புத்தாடை உடுத்திப் பாட்டும் ஆட்டமுமாக ஒரு விழா எடுக்கிறார்கள். அந்தப் பெண்கள் எழுந்து நின்று தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். இதை நான் சிகிச்சையின் ஒரு பகுதியாகவே மதிக்கிறேன்.

பணியாளர்களும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் தங்குகிறார்கள். கேரி பார்க்கர் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், 1980களில் சில மாதங்களுக்கு என்று வந்தவர், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கப்பலிலேயே இருந்து, அங்கேயே மணமுடித்துப் பிள்ளைகளையும் வளர்த்தார். தன்னார்வலர்கள் யாரும் சம்பளம் வாங்குவதில்லை; பயணச் செலவையும் அவர்களே ஏற்கிறார்கள். நோயாளிகளுக்கு எல்லாம் இலவசம், எந்த மதத்தவர் என்று பார்ப்பதுமில்லை. செனகலிலும் சியரா லியோனிலும் பெரும்பான்மையோர் முஸ்லிம்கள் என்பதை நினைத்தால், சுகமளித்ததற்குக் கைம்மாறாக எதையும் கேட்காத இந்த ஊழியத்தின் மதிப்பு இன்னும் கூடுகிறது.

குறைகளையும் சொல்லவேண்டும். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது, அந்தப் பகுதிக்குப் போகவிருந்த கப்பல் மடகாஸ்கருக்குத் திருப்பப்பட்டது. 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது செனகல் பணி பாதியில் நின்றது. நூற்றுக்கணக்கானோர் நெருங்கி வாழும் கப்பலில் தொற்றுநோயைக் கையாள முடியாது என்பது நியாயமான காரணமே. ஆயினும், மிகத் தேவையான வேளையில் விலகிப்போகக்கூடிய மருத்துவமனை, கரையில் நிற்கும் மருத்துவமனைக்கு ஈடாகாது. உள்ளூர் அறுவை மருத்துவர்களுக்கும், மயக்க மருந்து கொடுப்பவர்களுக்கும், செவிலியர்களுக்கும் பயிற்சி தரும் வேலையை இவர்கள் ஆண்டுக்காண்டு பெருக்கிவருவதும், சியரா லியோனில் ஓராண்டோடு புறப்பட்டுவிடாமல் தொடர்ந்து தங்கியதும் எனக்குப் பெரிய ஆறுதல். அறுவையின் எண்ணிக்கையைவிடப் பயிற்சி பெற்றவர்களின் எண்ணிக்கையை இவர்கள் முன்னால் வைத்துப் பேசவேண்டும் என்பது என் கோரிக்கை.

போக விரும்புகிறவர்கள் விண்ணப்பிக்குமுன் இரண்டைக் கவனிக்கவேண்டும். கப்பலில் வேலைமொழி ஆங்கிலம். நோயாளிகளோடு பேச உள்ளூரில் பணியமர்த்தப்பட்ட மொழிபெயர்ப்பாளர்கள் வார்டிலேயே இருப்பார்கள், அவர்களை நம்பிப் பொறுமையாக வேலை செய்யப் பழகவேண்டும். மற்றது விடுப்பு. பத்து நாளுக்கு மேல் விடுப்பு கிடைக்காதவர்கள், விமானச் சீட்டுக்குச் சேர்த்த பணத்தை, மாதக்கணக்கில் அங்கே தங்கப்போகும் ஒரு செவிலியரின் செலவுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் சபைப் பெண்கள் சங்கத்தில் இதற்காகத் தனி உண்டியல் வைக்கும்படி கேட்டிருக்கிறேன்.