டச்பேட் டிரைவர்: ரோல் பேக்கா, அன்இன்ஸ்டாலா?

லேப்டாப்பில் மவுஸ் அம்பு காணாமல் போனால் முதலில் கீபோர்டில் டச்பேட் படம் போட்ட கீயை அழுத்திப் பாருங்கள், தேவைப்பட்டால் எஃப்என் கீயோடு சேர்த்து. கை தவறி அணைத்திருக்கலாம். அப்படியும் வரவில்லையா, அப்புறம் டிரைவர்தான், அதாவது டச்பேடை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருள்.

முந்தைய டிரைவருக்குத் திரும்புவது ரோல் பேக், டச்பேடை நீக்கிவிட்டுத் திரும்பப் போடவைப்பது அன்இன்ஸ்டால். இரண்டுக்கும் போகும் வழி ஒன்றே. விண்டோஸ் கீயோடு எக்ஸ், பிறகு எம் தட்டினால் டிவைஸ் மேனேஜர் திறக்கும், டேப் கீயையும் அம்புக்குறி கீகளையும் வைத்தே டச்பேட் வரை போய்விடலாம். மவுஸ்களுக்கான பட்டியலில் டச்பேட் இல்லையென்றால் ஹியூமன் இன்டர்ஃபேஸ் டிவைசஸ் பட்டியலில் தேடுங்கள்.

எப்போது?
ரோல் பேக்: அப்டேட் முடிந்த கையோடு அம்பு மறைந்தால்.
அன்இன்ஸ்டால்: காரணமே பிடிபடாதபோது.

எது சுலபம்?
ரோல் பேக்: என்டர் தட்டி, கன்ட்ரோல் கீயோடு டேப் கீயை அழுத்தி டிரைவர் பக்கம் போய், ரோல் பேக் பட்டனைத் தட்ட வேண்டும்.
அன்இன்ஸ்டால்: டெலீட் கீ போதும், ரீஸ்டார்ட் செய்தால் விண்டோஸே திரும்பப் போட்டுக்கொள்ளும். டிரைவரையும் சேர்த்து நீக்கும் டிக் கட்டத்தை மட்டும் தொடாதீர்கள்.

நிலைக்குமா?
ரோல் பேக்: அடுத்த அப்டேட் புது டிரைவரை மறுபடி இறக்கலாம்.
அன்இன்ஸ்டால்: பழுதான அதே டிரைவரே திரும்பி வரலாம்.

அப்டேட்தான் காரணம் என்று தெரிந்தால் தயங்காமல் ரோல் பேக் செய்யுங்கள். ரோல் பேக் பட்டன் மங்கலாக இருந்தால் பழைய டிரைவர் கைவசம் இல்லை, அன்இன்ஸ்டால்தான் வழி.