டெல்டா வெளிகளுக்கு எந்த ஃபோம்? மாதிரி விமான உடலுக்கான நான்கு பொருள்களின் ஒப்பீடு

ரேடியோ கட்டுப்பாட்டு மாதிரி விமானம் கட்டுகிறவருக்கு இறக்கையைவிட உடலே அதிகக் குழப்பம் தருகிறது. இறக்கைக்கு வேண்டியது வடிவம். அதை எந்த ஃபோமும் ஓரளவு தந்துவிடும். உடலோ மோட்டாரின் அதிர்வையும் பேட்டரியின் எடையையும் தரையிறங்கும்போது மூக்கில் விழும் அடியையும் தாங்கவேண்டும். வால் பக்கமோ முடிந்தவரை எடையற்றிருக்கவேண்டும். ஒன்றுக்கொன்று எதிரான இவ்விரு தேவைகளையும் மனத்தில் வைத்து, தெர்மாகோல், காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு, டெப்ரான் என்னும் வெப்பத்தடுப்புத் தாள், இபிபி என்னும் பாலிபுரொப்பிலீன் ஃபோம் ஆகிய நான்கையும் காவிரி டெல்டாவின் வெயிலுக்கும் ஈரத்துக்கும் தரைக்கும் முன்னே நிறுத்திப் பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக, 90 செ.மீ. இறக்கை வீச்சும் 70 செ.மீ. நீளமும் உடைய, பெட்டி வடிவ உடல் கொண்ட ஒரு பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் உடலுக்கு ஏறத்தாழ 0.18 சதுர மீட்டர் ஃபோம் தேவைப்படும். கன மீட்டருக்கு 15 கிலோ அடர்த்தியுள்ள 10 மி.மீ. தெர்மாகோலில் அது 27 கிராம்; 20 கிலோ அடர்த்தியுள்ள 10 மி.மீ. இபிபியில் 36 கிராம், 6 மி.மீ. டெப்ரானில் 40 கிராம் அளவு. ஃபோம் போர்டில் மட்டும் உறுதியான எண்ணைச் சொல்ல இயலாது. மெல்லிய காகிதம் ஒட்டிய 5 மி.மீ. அட்டையில் 55 கிராமுக்குள் முடியும் உடல், ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் தடித்த காகித அட்டையில் 90 கிராமை எட்டிவிடலாம். ஆகவே வாங்குமுன் அட்டையை எடைபோட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்காரர் விநோதமாகப் பார்ப்பார், பார்க்கட்டும்.

மொத்த எடையைவிட அந்த எடை எங்கே அமைகிறது என்பது முக்கியம். சமநிலைப் புள்ளி இறக்கையின் முன்விளிம்பிலிருந்து, அதன் முன்பின் அகலத்தில் ஏறத்தாழ கால் பங்கு தொலைவில் அமையவேண்டும். வால் அந்தப் புள்ளிக்கு 45 செ.மீ. பின்னும் பேட்டரி 15 செ.மீ. முன்னும் இருந்தால், வாலில் கூடும் ஒவ்வொரு 10 கிராமுக்கும் மூக்கில் 30 கிராம் சேர்க்கவேண்டிவரும். தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மையை நிமிர்த்துவது அடியில் இருக்கும் கனம். விமானத்தை நேராக நிறுத்துவது மூக்கில் இருக்கும் கனம். மூக்கிலாவது பேட்டரி என்ற பயனுள்ள எடை இருக்கிறது. வாலில் கூடுவது வெறும் சுமை. எனவே ஒரு ஃபோமை மதிப்பிடும்போது அதன் வலிமையை மூக்கிலும் அதன் எடையை வாலிலும் வைத்தே நான் பார்க்கிறேன்.

தெர்மாகோலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நவராத்திரிக் கொலு அலங்காரத்துக்கும் பள்ளி மாதிரிகளுக்கும் விற்பதால் மன்னார்குடியிலும் மயிலாடுதுறையிலும் எளிதில் கிடைக்கிறது; சூடேறிய நைக்ரோம் கம்பியால் வெண்ணெயைப் போல வெட்டலாம். ஆனால் மணிமணியாக உதிரும், வளைத்தால் முறியும். கட்டையாகச் செதுக்கி, மேலே பழுப்பு நிற பேக்கிங் டேப் சுற்றினால் முதல் விமானத்துக்குப் போதும், அவ்வளவே. எடையற்ற வெண்பொருளை நுணுக்கமாகச் செதுக்குவது தஞ்சைக்குப் புதிதன்று. நெட்டியில் கோயில் கோபுரங்களைச் செதுக்கும் கைவினை இங்கே உண்டு. ஆயினும் நெட்டி ஈரத்தை உறிஞ்சுவதால் அதை வானில் ஏற்றும் ஆசையை நான் கைவிட்டேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்குப் பெரும்பாலும் பரிந்துரைக்கப்படுவது ஃபோம் போர்டு. காரணம் நியாயமானதே. இருபுறக் காகிதமும் இழுவிசையைத் தாங்குவதால் உள்ளே கார்பன் குழாய் இல்லாமலே பெட்டி உடல் விறைப்பாக நிற்கிறது. ஒரு பக்கக் காகிதத்தையும் ஃபோமையும் கீறிவிட்டு மறுபக்கக் காகிதத்தைக் கீலாக வைத்து மடித்தால், நான்கு பக்கமும் ஒரே தாளிலிருந்து உருவாகிவிடும். உள்பக்கக் காகிதத்தை உரித்தால் மூக்குப் பகுதியை வளைக்கவும் முடியும். டெல்டாவில் இந்தக் காகிதமே அதன் பகையும் ஆகிறது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் அடைமழைக் காலத்தில் சுவரில் சாய்த்து வைத்த உடல், மழையில் நனையாமலே காற்றின் ஈரத்தால் முறுக்கிக்கொள்ளும். வெட்டு விளிம்புகளில் காகிதம் பிரியத் தொடங்கும். நீர் அடிப்படையிலான வார்னிஷை மெல்லிய இரு பூச்சாகத் தடவி, விளிம்புகளை டேப்பால் மூடினால் இதைப் பெருமளவு தடுக்கலாம். அந்தப் பூச்சும் எடைதான், அதிலும் பாதி வாலில் சேர்கிறது என்பதை மறக்கக்கூடாது.

டெப்ரான், தரைக்கும் சுவருக்கும் அடியில் போடும் வெப்பத்தடுப்புத் தாளாகப் பிறந்த பொருள். அடைபட்ட நுண்ணறைகள் கொண்டதால் நீரைக் குடிப்பதில்லை. வழவழப்பான தோலும் விறைப்பும் உண்டு. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் சுகோய் பறப்பதைக் கண்டு வளரும் பிள்ளைகள் அதையே கட்டக் கேட்பார்கள். பின்புறத்தில் புரொப்பெல்லர் சுழலும் அத்தகைய தட்டை ஜெட் மாதிரிகளுக்கு டெப்ரானுக்கு நிகர் இல்லை. (அந்தத் தளத்தின் அருகே எதையும் பறக்கவிடலாகாது, எங்கே பறக்கவிடலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை இணைய வரைபடத்தில் மண்டலத்தைப் பார்த்த பின்பே புறப்படவேண்டும்.) குறை இரண்டு. சிறு நகரக் கடைகளில் கிடைக்காததால் தபாலில் வரவழைக்கவேண்டும். அடி பட்டால் நசுங்காமல் கண்ணாடியைப் போல விரிசல் விடும்.

இபிபி எனப்படும் பாலிபுரொப்பிலீன் ஃபோம் இதற்கு நேர்மாறானது. கார் பம்பரின் உள்ளே அதிர்ச்சியை வாங்கப் பயன்படும் இதே பொருள், அடி பட்டால் அமுங்கி மீண்டும் எழும். இங்கேதான் நம் தரை முக்கியமாகிறது. சம்பா அறுவடைக்குப் பின் வயல் காலியாகக் கிடக்கும் என்று வெளியூரார் நினைப்பர். உண்மையில் அறுவடைக்கு முன்பே தெளித்த உளுந்தோ பயறோ அங்கே முளைத்திருக்கும், அதில் ஓடிச்சென்று விமானம் எடுப்பது முறையன்று. ஆகவே இறங்குமிடம் வரப்போ களத்துமேடோ கொள்ளிடத்து மணலோ ஆகிறது. வரப்பில் மோதாமல் பழகியவர் யாரும் இல்லை. அந்த மோதலில் டெப்ரான் மூக்கு உடைகிறது. இபிபி மூக்கு துள்ளி நிற்கிறது. ஆனால் இபிபி தொய்யும். வால்வரை இதிலேயே கட்டினால், விமானத்தை மேலெழச் செய்யும்போது வால் வளைந்து அந்தக் கட்டளையைப் பாதி விழுங்கிவிடும். அதைத் தடுக்கக் கார்பன் குழாய் பதித்தால் இலேசான ஃபோம் என்ற சலுகை போய்விடும்.

ஒட்டும் பசையிலும் இவை பிரிகின்றன. சாதாரண ஃபெவிக்விக் தெர்மாகோலையும் டெப்ரானையும் கரைத்துக் குழியாக்கும். இபிபியை ஒன்றும் செய்யாது. கரைப்பான் கலந்த ஸ்பிரே பெயின்ட்டுக்கும் இதுவே விதி. ஹாட் குளூ எல்லாவற்றிலும் ஒட்டும். ஆனால் சித்திரை வெயிலில் கண்ணாடி ஏற்றிய காரில் வைத்திருந்த என் விமானத்தின் மோட்டார் தாங்கி, அந்தப் பசை இளகியதால் ஒரு பக்கமாகச் சரிந்தது. அன்று முதல் மோட்டார் தாங்கிக்கு அரல்டைட் மட்டுமே.

ஒரே பொருளில் முழு உடலையும் கட்டவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டால் சிக்கல் பாதி தீரும். இறக்கையின் பின்விளிம்புவரை இபிபி, அதற்குப் பின்னே வால்வரை டெப்ரான் என்பதே நான் இப்போது கட்டும் முறை. இணைப்பை நேர்குத்தாக வெட்டாமல், 5 செ.மீ. நீளத்துக்குச் சாய்வாக வெட்டி, ஃபோமைக் கரைக்காத பசை தடவி, உள்மூலைகள் நான்கிலும் இணைப்பைத் தாண்டிச் செல்லும் மூங்கில் குச்சிகளைப் பதித்து, வெளியே ஒரு சுற்று டேப் ஒட்டவேண்டும். மோதலின் வேகம் மிகும்போது பிரிவது இந்த இணைப்பாகவே இருக்கட்டும். களத்துமேட்டிலேயே பத்து நிமிடத்தில் மீண்டும் ஒட்டிவிடலாம்.