இரண்டாம் குரோமோசோம் முன் மூன்று கிறிஸ்தவ நிலைப்பாடுகள்

பரிணாமத்தைப் பற்றிப் பேசும் கிறிஸ்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கம் நிற்பதில்லை. யார் எதை ஏற்கிறார், எங்கே நிற்கிறார் என்று தெரிய, மரபணுவியலின் ஒரே ஒரு சான்றை ஒவ்வொருவர் முன்பும் வைத்துப் பார்க்கலாம்.

மரபணுக்களைச் சுமக்கும் டிஎன்ஏ இழைகளே குரோமோசோம்கள். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அவை 24 ஜோடி. நமக்கு 23. மூதாதை ஒன்றுதான் என்றால் மீதி ஒரு ஜோடி எங்கே? மூதாதையின் இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக இணைந்து நம் இரண்டாம் குரோமோசோமாகிவிட்டன. வழக்கமாக நுனிகளில் மூடிபோல் வரும் டெலோமியர் என்ற டிஎன்ஏ தொடர் இதன் உட்பகுதியில் எதிரெதிராக முட்டிக்கொண்டு நிற்பதை 1991இல் கண்டார்கள். வழக்கமாகக் குரோமோசோமுக்கு ஒன்றே இருக்கும் இடுப்புப் பகுதியான சென்ட்ரோமியர், இதில் செயலிழந்த மிச்சமாக இன்னொன்றும் உண்டு. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களைப் பக்கத்தில் வைத்தால், சாயமேற்றும்போது தெரியும் பட்டைகள் பெரும்பாலும் பொருந்துகின்றன.

பூமிக்கு வயது சுமார் 6,000 ஆண்டுதான் என்போர் முதல் தரப்பு. கென்டக்கியில் 2016இல் நோவாவின் பேழைக்கு ஒரு மாதிரியைக் கட்டித் திறந்த கென் ஹாமின் ‘ஆன்சர்ஸ் இன் ஜெனிசிஸ்’ இவர்களில் முக்கியமானது. இணைவு நடந்திருந்தாலும் அது மனித குலத்துக்குள் நடந்ததாக இருக்கலாமே என்று இத்தரப்பில் கேட்பார்கள். நியாயமான கேள்விதான், ஆனால் பட்டைப் பொருத்தத்தை அது விளக்கவில்லை. இன்னும் சிலர், முட்டும் அந்த இடம் ஒரு மரபணுவுக்குள் இருப்பதால் இணைவே இல்லை என்கிறார்கள். அந்த மரபணுவின் குடும்பமோ பெரும்பாலும் குரோமோசோம் நுனிகளை ஒட்டியே காணப்படுகிறது. அப்படியென்றால் அது இணைவுக்குத்தான் வலு சேர்க்கிறது.

அடுத்தது அறிவார்ந்த வடிவமைப்பு: உயிர்களின் சில அமைப்புகளை ஓர் அறிவு வடிவமைத்தது என்ற வாதம். 1996இல் இதைப் பிரபலமாக்கிய அமெரிக்க உயிர்வேதியியலாளர் மைக்கேல் பீஹி, மனிதனுக்கும் குரங்குக்கும் பொது மூதாதை உண்டு என்பதை ஏற்பவர், அதனால் இரண்டாம் குரோமோசோம் அவருக்குச் சிக்கலே இல்லை. பாக்டீரியாவின் சுழலும் வால் போன்ற இயந்திரம் வழிநடத்தப்படாத மாற்றங்களால் உருவாகுமா என்பதே அவர் கேள்வி. இயக்கத்தில் அவரோடு இருக்கும் பலர் பொது மூதாதையை மறுக்கிறார்கள். வடிவமைப்பாளர் எப்போது, எதைச் செய்தார் என்று இத்தரப்பு சொல்லாதது எனக்குக் குறையாகவே படுகிறது. இதைப் பள்ளியில் கற்பிப்பது பற்றி 2005இல் அமெரிக்காவில் நடந்த டோவர் வழக்கில் நீதிமன்றமும் இது அறிவியல் அல்ல என்றுதான் தீர்ப்பளித்தது.

மூன்றாவது தரப்பு, தேவன் பரிணாமத்தின் வழியாகவே படைத்தார் என்கிறது. மனித மரபணுத் திட்டத்தை 2003இல் நிறைவுக்குக் கொண்டுவந்த மரபியலாளர் பிரான்சிஸ் காலின்ஸ் இவர்களில் ஒருவர். மரபியலுக்கு அடித்தளமிட்ட மெண்டலே ஒரு அகஸ்தீனிய துறவி என்பதை நம் சபைகளில் எத்தனை பேர் சொல்லித் தருகிறோம்?

என் மனம் இந்தப் பக்கம்தான். ஆனால் ரோமர் 5 இங்கே கனமாக வந்து நிற்கிறது: ஒரே மனுஷனாலே பாவமும், பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தன. அண்மைக் காலத்தில் மனித இனம் இரண்டே பேராகச் சுருங்கியதற்கு மரபணுக்களில் தடயம் இல்லை. இதற்கு அமெரிக்க உயிரியலாளர் ஜோஷுவா சுவாமிதாஸ் 2019இல் ஒரு வழி காட்டினார்: சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு தம்பதி, சுற்றியிருந்த மற்றவர்களோடு அவர்கள் சந்ததி கலந்ததால், இன்றுள்ள அனைவருக்கும் வம்சாவளியில் மூதாதையராக முடியும். ஆதாமுக்கு அது இடம் தருகிறது. ஆனால் டைனோசர் எலும்புகளிலேயே புற்றுநோயின் அடையாளம் இருக்கிறது. ஆதாமுக்கு முந்தைய அந்த வேதனையை என்ன சொல்வது என்ற கேள்விக்கு, ஆதாமின் பாவத்துக்கு முன் வேதனையே இல்லை என்று கென் ஹாம் தரப்பு தரும் அளவுக்கு நேரடியான பதில் எங்கள் தரப்பில் இன்னும் இல்லை.