ஜிஎஸ்டி சாலையா, ஓஎம்ஆரா?

சென்னைக்குத் தெற்கே வீடு தேடுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டு சாலைகளுக்கு நடுவில்தான் அல்லாடுகிறார்கள். ஒன்று, தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டு போகிற ஜிஎஸ்டி (கிராண்ட் சதர்ன் டிரங்க்) சாலை. இன்னொன்று, மத்திய கைலாஷில் கிளம்பி சோழிங்கநல்லூர், நாவலூர், கேளம்பாக்கம் என்று நீளும் ஓஎம்ஆர், அதாவது பழைய மாமல்லபுரம் சாலை. நாங்கள் ஓஎம்ஆரில் இருக்கிற படூரில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது ஜிஎஸ்டி பக்கம் ஊரப்பாக்கத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிறோம். போன மாதம் தங்கை வீட்டுக்காரர், "எந்தப் பக்கம் பார்க்கலாம் மச்சான்?" என்று கேட்டார். அவருக்குச் சொன்னதை இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இரண்டும் வளர்ந்த விதமே வேறு. சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு 1931லேயே மின்சார ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. இன்று அது ஜிஎஸ்டி சாலையை ஒட்டி செங்கல்பட்டு வரை, ஏறக்குறைய 60 கிலோமீட்டர் போகிறது. பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி, பொத்தேரி, காட்டாங்கொளத்தூர், மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில், பரனூர் என்று ஒவ்வொரு ஸ்டேஷனையும் ஒட்டி மக்கள் குடியேறினார்கள். சாயங்காலம் ஏழு மணிக்கு கூடுவாஞ்சேரி ஸ்டேஷனை விட்டு வெளியே வந்து பாருங்கள். படி இறங்கியதும் மல்லிகைப் பூ, அடுத்து கீரைக்கட்டு, மெடிக்கல் ஷாப், ஜெராக்ஸ் கடை, அதைத் தாண்டி ஷேர் ஆட்டோக்காரர்களின் கூவல். வீட்டுக்கு வேண்டியதை வாங்கிக்கொண்டே நடந்துவிடலாம்.

ஓஎம்ஆர் ஒரு காலத்தில் மாமல்லபுரத்துக்குப் போகிற சாதாரண ரோடு. 2000ல் தரமணியில் டைடல் பார்க் வந்தது, 2008ல் சிறுசேரி வரை ஆறு வழிச் சாலை திறந்தார்கள், கம்பெனிகள் வரிசையாக வந்தன. வேலைக்கு வந்தவர்களுக்காக அடுக்குமாடிகள் எழுந்தன. ஆனால் ஊர் என்று ஒன்று கூடவே வளரவில்லை. படூரில் எங்கள் பிளாட்டில் ஜிம் இருந்தது, நீச்சல் குளம் இருந்தது. கொத்தமல்லி வாங்க பைக்கை எடுக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தண்ணீர். இதைத்தான் நான் அதிகம் யோசிக்கச் சொல்வேன். படூரில் போர்வெல் தண்ணீர் உப்பு. குழாய் வாயில் வெள்ளையாகப் படிந்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஷவரைக் கழற்றி வினிகரில் ஊறப்போடுவோம். விடிவதற்குள் தண்ணீர் லாரி வந்து நிற்கும், ஹோஸை சம்ப்பில் விடுகிற சத்தத்தில்தான் கண்விழிப்போம். ஏப்ரல், மே மாதங்களில் லாரி ஒரு நாள் வரவில்லையென்றால் அசோசியேஷன் வாட்ஸ்அப் குரூப் முழுக்க அதே பேச்சு. மெயின்டனன்ஸில் பெரும்பகுதி தண்ணீருக்கே போனது. வீடு பார்க்கப் போகும்போது ஹால் எத்தனை அடி என்று கேட்பவர்கள், கோடையில் ஒரு நாளைக்கு எத்தனை லாரி வருகிறது என்றும் கேட்க வேண்டும். ஊரப்பாக்கத்தில் எங்கள் தெருவில் போர்வெல் இன்னும் கைகொடுக்கிறது. ஆனால் நாங்கள் வந்தபோது இருந்த மட்டம் இப்போது இல்லை. புதிதாக ஒரு பிளாட் எழும்போதெல்லாம் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

வெள்ளத்தில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். 2015ல் அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. ஓஎம்ஆர் பக்கம் செம்மஞ்சேரியும் பெரும்பாக்கமும் பெருமழை வந்தால் தண்ணீரில் நிற்கின்றன. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சர் தகுதி (சர்வதேச முக்கியத்துவமுள்ள ஈரநிலம் என்ற அங்கீகாரம்) கிடைத்தது நல்ல விஷயம். ஆனால் அதைச் சுற்றிலும் ஏற்கெனவே கட்டி முடித்துவிட்டோமே! மனை பார்க்க நவம்பரில் போங்கள். பக்கத்து ஏரி நிரம்பி வழிகிற கலங்கல் எங்கே இருக்கிறது, உபரி நீர் எந்த வழியாக இறங்குகிறது என்று நின்று பாருங்கள். தெருமுனைப் பெட்டிக்கடையில் 2015ல் தண்ணீர் எந்தப் படிவரை வந்தது என்று கேளுங்கள். மனை விற்கிறவர் இதைச் சொல்ல மாட்டார்.

ஜிஎஸ்டி பக்கம் குறையே இல்லையா? இருக்கிறது. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறந்ததிலிருந்து, தென்மாவட்டக்காரர்களான எங்களுக்கு ஊருக்குப் போவது சுலபமாகிவிட்டது. ஆனால் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் முந்தைய நாள் பெருங்களத்தூரிலிருந்து பரனூர் சுங்கச்சாவடி வரை வண்டிகள் அசையாது. அன்றைக்கு ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் வயிறு கலங்கும். குழந்தையைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடக்கிறவர்களை தினமும் பார்க்கிறேன். எத்தனை வழியாக அகலப்படுத்தினாலும், நடந்து கடக்கிறவர்களை யாரும் கணக்கில் எடுப்பதாகத் தெரியவில்லை.

விலையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஓஎம்ஆரில் பெரும்பாலும் பிளாட்தான், உங்களுக்கு வரும் நிலப்பங்கு கொஞ்சம். ஜிஎஸ்டி பக்கம் இன்னும் தனி மனை கிடைக்கிறது. எங்கே வாங்கினாலும் பட்டா, வில்லங்கச் சான்று, சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் மூன்றையும் பார்த்த பிறகே அட்வான்ஸ் கொடுங்கள்.

வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையில் கண்டிகை, மாம்பாக்கம் பக்கம் வாங்கினால் இரண்டு சாலைக்கும் பொதுவாக இருக்குமே என்று சிலர் சொல்கிறார்கள். கணவனுக்கு ஜிஎஸ்டி பக்கம் மகேந்திரா சிட்டியில் வேலை, மனைவிக்கு சிறுசேரியில் வேலை என்றால் சரிதான். மற்றபடி அங்கே ரயில் இல்லை. பைக்கோ காரோ இல்லாமல் காலம் தள்ள முடியாது.

இருவருக்குமே வேலை ஓஎம்ஆரில் என்றால் அங்கேயே இருங்கள், ஆனால் வாடகைக்கு. மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை வரும் மெட்ரோவுக்காக நடுரோட்டில் தூண்கள் நிற்கின்றன. அது ஓடத் தொடங்கினால் நானே என் பேச்சை மாற்றிக்கொள்வேன். மற்றவர்களுக்கு என் ஓட்டு ஜிஎஸ்டிக்குத்தான். அதிலும் ஸ்டேஷனிலிருந்து பதினைந்து நிமிட நடைக்குள் இருந்தால் மட்டும். சாலை நின்றுபோனாலும் ரயில் ஓடும். அறுபது வயதுக்கு மேல் கார் ஓட்ட முடியாத நாளிலும் அது இருக்கும்.

தங்கைக்காக கூடுவாஞ்சேரியில் ஒரு மனை பார்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காரில் வருகிறோம் என்றார்கள். வேண்டாம், புதன்கிழமை ஆபீஸ் முடிந்து ஆறு மணிக்கு மாம்பலத்தில் ட்ரெயின் ஏறி, கூட்டத்தில் நின்றுகொண்டே வாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன்.