ஆன்டெனா டவர் நிறுத்தப் போகிறீர்களா? குழி தோண்டும் அன்று வீட்டில் இருங்கள்

ஹாம் ரேடியோவுக்காக, அதாவது உரிமம் வாங்கிப் பொழுதுபோக்காக வானொலி அலையில் பேசுவதற்காக, வீட்டின் பின்பக்கம் 15 மீட்டர் டவர் ஒன்று நிறுத்தினேன். ஸ்டே கம்பி இல்லாமல் தன் காலிலேயே நிற்கும் வகை. ஐந்தே வாரத்தில் அதை இறக்க வேண்டி வந்தது. நிறுத்தியவர் பெயரை இங்கே போடப்போவதில்லை. அவர் செய்த வேலையை மட்டும் சொல்கிறேன். இதே வேலை இன்னொரு வீட்டில் நடந்து, டவர் யார் தலையிலாவது விழுந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

ஸ்டே கம்பி கட்டிய டவரைக் கம்பிகள் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். தனியாக நிற்கும் டவருக்கு அந்தப் பிடி கிடையாது. காற்றின் தள்ளு அத்தனையையும் அடியில் இருக்கும் கான்கிரீட்தான் தாங்க வேண்டும். 1 சதுர மீட்டர் பரப்புள்ள ஆன்டெனா மீது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால், தள்ளு ஏறக்குறைய 100 கிலோ எடைக்குச் சமம். அதுவும் 15 மீட்டர் நெம்புகோலின் நுனியில். டவரின் உடம்பில் படும் காற்று இதில் சேராது. வேகம் இரண்டு மடங்கானால் தள்ளு நான்கு மடங்காகும்.

என் டவருக்கான வரைபடத்தில் அஸ்திவாரம் நீளம், அகலம், ஆழம் மூன்றும் 1.5 மீட்டர். அதாவது சுமார் 8 டன் கான்கிரீட். அந்தத் தாளை அவர் கையிலேயே கொடுத்தேன். "இந்த மாதிரி எத்தனையோ பார்த்தாச்சு சார், நீங்க நிம்மதியா வேலைக்குப் போங்க" என்றார். நம்பிப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் மேலே வழவழவென்று பூசி முடித்திருந்தது. டேப் வைத்து அளந்தேன், நீளமும் அகலமும் சரியாகவே இருந்தன. ஆழத்தை அப்புறம் எப்படி அளப்பது?

மூன்றாம் நாளே டவர் ஏற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். கான்கிரீட் இறுகியிருக்குமா என்று கேட்டேன். சீக்கிரம் இறுக மருந்து கலந்திருப்பதாகச் சொன்னார். கான்கிரீட்டின் வலிமைக்கு 28 நாள் கணக்கு. சாதாரணக் கலவைக்கு 7 நாளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் வரும். ஏறிய இருவருக்கும் இடுப்பில் பெல்ட் மட்டும்தான். ஒரு கொக்கியைக் கழற்றும்போது இன்னொன்று மாட்டியே இருக்கும்படி இரட்டைக் கயிறும், உடம்பு முழுக்கத் தாங்கும் ஹார்னஸும் வேண்டும். கீழே நின்றவர் தலையில் ஹெல்மெட்கூட இல்லை. அந்த நிமிடமே வேலையை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தாமல் விட்டது இன்றைக்கும் மனதை உறுத்துகிறது.

ஐந்தாவது வாரம் ஓர் இரவு நல்ல காற்று. காலையில் போய்ப் பார்த்தால், கான்கிரீட்டின் ஒரு பக்கத்தில் மண்ணுக்கும் அதற்கும் நடுவே என் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டிருந்தது. தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தேன், டவர் எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. கட்டுமானப் பொறியாளர் ஒருவரை வரவழைத்து, அவர் சொன்ன இடத்தில் பக்கவாட்டில் மண்ணை எடுத்தோம். 60 சென்டிமீட்டரோடு கான்கிரீட் முடிந்துவிட்டது. அதற்குக் கீழே செங்கல் உடைசலும் பழைய காரைக் கட்டிகளும். நடுவில் ஒரு காலிச் சிமென்ட் பை, மடித்த மடிப்புக் கலையாமல் அப்படியே இருந்தது.

மேலேயும் இதே கதைதான். துளை பொருந்தாத இடங்களில் கேஸ் கட்டிங் வைத்துப் பெரிதாக்கி, கருகிய இடத்தை வெள்ளி பெயின்டால் மறைத்திருந்தார்கள். துத்தநாகப் பூச்சு போன அந்த இடங்களில் அதற்குள் துரு. எர்த்திங் என்ற பெயரில் தாமிரக் கம்பியை டவர் காலில் நேராகச் சுற்றியிருந்தார்கள். தாமிரமும் துத்தநாகமும் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தால் துத்தநாகம் அரித்துப்போகும். அந்த எர்த்தை வீட்டு எர்த்தோடும் இணைக்கவில்லை. மின்னல் இறங்கினால் இரண்டுக்கும் நடுவிலான மின்னழுத்தம் கேபிள் வழியாக ரேடியோவுக்குத்தான் வரும்.

போன் செய்ததற்கு "காத்தடிச்சா நான் என்ன சார் செய்ய முடியும்" என்றார். அதற்குப் பிறகு எடுப்பதே இல்லை. பணம் முழுவதையும் முன்பே கொடுத்துவிட்டேன், எழுத்தில் எதுவும் வாங்கவில்லை. சாய்ந்த டவரில் யாரும் ஏறக் கூடாது என்று பொறியாளர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் கிரேன் வைத்து இறக்கினோம்.

ஒன்றில் மட்டும் தப்பித்தேன். அவர் முதலில் காட்டிய இடம் மின்கம்பியிலிருந்து 8 மீட்டர்தான். டவர் எந்தப் பக்கம் விழுந்தாலும் ஆன்டெனாவின் நுனிகூட மின்கம்பியைத் தொடாத தூரம் வேண்டும் என்று பிடிவாதமாக இடத்தை மாற்றினேன்.

உங்கள் வீட்டில் வேலை நடந்தால், வெறுங்குழியிலும் அஸ்திவாரத்துக்கான இரும்புக் கம்பி கட்டிய பிறகும் டேப்பை இறக்கி அளவு தெரியப் படம் எடுங்கள். கான்கிரீட் ஊற்றி முடியும்வரை அங்கேயே நில்லுங்கள். பெரிய தவணையை அதற்குப் பிறகு கொடுங்கள். வேண்டாம் என்று தகராறு செய்பவரை அப்போதே அனுப்பிவிடுங்கள்.

புதுக் குழியில் கான்கிரீட் போட்டு இன்று 19-ஆம் நாள். டவர் துண்டுகள் மதிலோரம் கிடக்கின்றன, கெட்டுப்போனவற்றுக்கு மாற்றுக் கேட்டிருக்கிறேன். 28 முடியாமல் ஒரு போல்ட்டைக்கூட முடுக்க விடமாட்டேன்.