செஸ்னா 172-ஐ நகர்த்த வீட்டிலேயே கட்டும் பேட்டரி டக்: எந்த மோட்டார் தாங்கும்?

ஒரே ஆள், செஸ்னா 172 எனும் நான்கு இருக்கைச் சிறு விமானம் ஒன்று, லேசாக மேடேறிப் போகும் ஹேங்கர் (விமானக் கொட்டகை) வாசல். அமெரிக்காவின் சிறிய விமானத் திடல்களில் வரிசை வரிசையாக நிற்கும், ஒரு விமானம் மட்டும் கொள்ளும் டி-வடிவ ஹேங்கர்களில் இந்த மல்லுக்கட்டு அன்றாடம் நடக்கிறது. விமானத்தை முன்சக்கரத்தில் கொக்கி போட்டு நகர்த்தும் சின்ன மின்சார வண்டியை அங்கே ‘டக்’ என்பார்கள். கடையில் வாங்கினால் ஆயிரம் டாலருக்கு மேல் போகும் என்பதால் பலர் தாங்களே கட்டிக்கொள்கிறார்கள். மோட்டாருக்கு அவர்கள் பெரும்பாலும் தேடிப் போவது மூன்று பொருள்களை: பேட்டரி டிரில், எம்ஒய்1016இசட்2 கியர் மோட்டார், பழைய மின் சக்கர நாற்காலியிலிருந்து கழற்றிய மோட்டார் ஜோடி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். செஸ்னா 172 அளவு விமானத்துக்குச் சக்கர நாற்காலி மோட்டார்தான் சரி. லேத் வேலையும் செயின் வேலையும் கைவந்தவருக்கு கியர் மோட்டார் கிட்டத்தட்ட அதே பலனைக் குறைந்த செலவில் தரும். டிரில், 726 கிலோ செஸ்னா 150-ஐச் சமதளத்தில் நகர்த்த மட்டும். ஆனால் வீட்டில் கட்டிய டக் காலை வாருவது பெரும்பாலும் மோட்டாரால் அல்ல. டயர் தரையைப் பிடிக்காமல் வழுக்குவதால்தான். அதனால் மோட்டாருக்கு முன் கணக்கைப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இழுப்பு வேண்டும்

172எஸ் ரகத்தின் அதிகபட்ச எடை 1,157 கிலோ. வசதிக்கு 1,100 என்று வைத்துக்கொள்வோம். நல்ல தார்த் தளத்தில், டயரில் காற்று சரியாக இருந்தால், எடையில் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் இழுப்பு போதும்: 17 முதல் 22 கிலோ. பல வாரம் அசையாமல் நின்று டயர் ஒரு பக்கம் தட்டையாகியிருந்தால் கிளப்பும் நொடியில் அது இரட்டிப்பாகும். தரை நூற்றுக்கு ஒன்று உயர்ந்தால் இன்னும் 11 கிலோ. இரண்டு சதவீத மேட்டில் ஓடிக்கொண்டிருக்கும்போதே 44 கிலோ வரை வந்துவிடுகிறது. ஆகவே தொடர்ந்து 50 கிலோ, ஓரிரு நொடிக்கு 100 கிலோ என்பதே நியாயமான இலக்கு.

இந்தக் கணக்கைக் குலைப்பது வாசலில் கதவு ஓடும் தண்டவாளத்தின் விளிம்பு. 12 மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். பின்சக்கரத்தின் ஆரம் சுமார் 220 மில்லிமீட்டர். கெட்டியான சக்கரமாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து அந்த விளிம்பில் ஏற அதன்மேல் இருக்கும் சுமையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் இழுப்பு தேவை. பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து 880 கிலோ தாங்கினால் இழுப்பு 300 கிலோ! காற்று டயர் அமுங்கிக் கொடுக்கும்தான். பாதியாகவே குறைந்தாலும் 150 கிலோ. எந்த வீட்டு டக்கும் அதை இழுக்காது. விளிம்பில் டயர் முட்டி நின்றதும் டக்கின் சக்கரம் அதே இடத்தில் சுற்றும், ரப்பர் தீயும், தரையில் கறுப்புக் கோடு விழும். வேகத்தோடு வந்து தாண்டலாம் என்று முயல்கிறவர்கள் முன்சக்கரத் தண்டுக்குத்தான் அடி கொடுக்கிறார்கள்.

தீர்வு மலிவானது. 300 மில்லிமீட்டர் நீளத்தில் சாய்வாக மரக்கட்டையோ இரும்புத் தகடோ வாசலில் போடுங்கள். சாய்வு 4 சதவீதம், கூடுதல் இழுப்பு 35 கிலோ. அவ்வளவுதான். இதைச் செய்யாமல் பெரிய மோட்டார் தேடுவது பணத்தை வீணாக்குவது.

பிடிப்பு: பேட்டரியை எங்கே வைக்கிறீர்கள்

காய்ந்த தார்த் தளத்தில் ரப்பர் டயர், தன்மேல் அழுத்தும் எடையில் ஏறத்தாழ 60 சதவீதம் இழுப்புக் கொடுக்கும். 40 கிலோ டக் தன் எடையை மட்டும் நம்பினால் கிடைப்பது 24 கிலோ. மேடு வந்தால் போதாது. மோட்டார் எவ்வளவு பெரிதானாலும் இதற்கு மேல் ஒரு கிலோ கிடைக்காது.

விமானத்தின் முன்சக்கரத்தில் தேவையான எடை சும்மா நிற்கிறது. 172-இன் காலி எடையில் கால் பங்குக்குச் சற்று மேல் அதில்தான் விழுகிறது. அதில் ஒரு பகுதியை டக்கின் சக்கரங்கள்மேல் ஏற்றிவிட வேண்டும். கொக்கி டக்கின் அச்சுக்கு முன்னால் 100 மில்லிமீட்டரில் இருக்கட்டும். பேட்டரிப் பெட்டியை அச்சுக்குப் பின்னால் 300 மில்லிமீட்டரில் வையுங்கள். 22 கிலோ பேட்டரி, நெம்புகோல் கணக்கில் முன்சக்கரத்திலிருந்து 66 கிலோவைத் தூக்கிப் பிடிக்கும். டயர்கள்மேல் விழுவது 66-உம் 22-உம் சட்டத்தின் 20-உம் சேர்ந்து 108 கிலோ. இழுப்பு 65 கிலோ. கைப்பிடியை லேசாகக் கீழே அழுத்தினால் இன்னும் ஏறும். முன்சக்கரத்தை முழுவதும் தரையிலிருந்து எழுப்ப வேண்டியதில்லை.

இதனால்தான் இங்கே ஈய-அமில பேட்டரிதான் பொருத்தம். 12 வோல்ட், 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 24 வோல்ட், சுமார் 22 கிலோ, 840 வாட்-மணி. ஒரு தடவை வெளியே இழுத்து, திரும்ப உள்ளே தள்ள 25 வாட்-மணிகூடச் செலவாகாது. மின்சாரம் தேவைக்கு எவ்வளவோ மேல். நமக்கு வேண்டியது அதன் எடை. எடை குறையட்டும் என்று லித்தியம் போட்டால் இழுப்பையும் சேர்த்துக் குறைத்துக்கொள்கிறீர்கள். யுபிஎஸ்ஸில் வரும் 7 ஆம்பியர்-மணிப் பேட்டரி கிளப்பும் நொடியின் மின்னோட்டத்தைத் தாங்காமல் படுத்துவிடும்.

டயர்: கை வண்டிகளில் வரும் 4.10/3.50-4 காற்று டயர் போதும், விட்டம் சுமார் 260 மில்லிமீட்டர். கெட்டி பிளாஸ்டிக் சக்கரம் வழவழப்பான கான்கிரீட்டில் பயனில்லை. ஹேங்கர் தரையில் சிந்திய எண்ணெயைத் துடைப்பதும் பிடிப்பு வேலைதான்.

டிரில்

18 வோல்ட் டிரில்லைச் செயினிலோ வார்ம் கியரிலோ மாட்டுவார்கள். ஒரு மாலையில் முடிந்துவிடும், பேட்டரி, சார்ஜர், ரிவர்ஸ் எல்லாம் கையோடு வருகிறது. ஆனால் தொடர்ச்சியான சுமைக்கு அது பிறக்கவில்லை. அதன் காற்றாடி மோட்டார் வேகமாகச் சுற்றும்போதுதான் குளிரூட்டும். டக்கில் மெதுவாக, முழுச் சுமையில் சுற்றுவதால் உள்ளே சூடு ஏறி பிரஷ் கருகும். மேட்டில் பேட்டரியின் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தை வெட்டிவிட, விமானம் பின்னோக்கி உருளத் தொடங்கும். செஸ்னா 150, சமதளம், கதவு விளிம்பு இல்லை என்றால் சரி. மற்றபடி வேண்டாம்.

எம்ஒய்1016இசட்2

24 வோல்ட், 250 வாட். உள்ளேயே 9.78-க்கு 1 கியர், வெளியே சைக்கிள் செயினுக்கான 9 பல் ஸ்ப்ராக்கெட். சுமையில் அது நிமிடத்துக்கு 270 சுற்று. இதை நேரே 44 பல் சக்கரத்தில் மாட்டுவதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. வேகம் மணிக்கு 2.7 கிலோமீட்டர், இழுப்பு 29 கிலோ. வேகம் கூடுதல், இழுப்பு போதாது.

இரண்டு கட்டமாகக் குறையுங்கள். மோட்டாரின் 9 பல்லிலிருந்து 27 பல். அது இடைத்தண்டில். அதே தண்டில் 12 பல், அங்கிருந்து அச்சிலுள்ள 36 பல்லுக்கு 40 எண் செயின். மொத்தம் 9-க்கு 1. சக்கரம் நிமிடத்துக்கு 30 சுற்று, வேகம் மணிக்கு ஒன்றரை கிலோமீட்டர், தொடர் இழுப்பு சுமார் 50 கிலோ. இறக்கையின் இரு நுனியையும் மாறி மாறிப் பார்த்தபடி நடக்க இந்த வேகம்தான் சரி. 172-இன் இறக்கை 11 மீட்டர். 12 மீட்டர் வாசலில் பக்கத்துக்கு அரை மீட்டர்தான் மிச்சம்.

இடைத்தண்டு 20 மில்லிமீட்டர், இரு முனையிலும் யுசிபி 204 பேரிங் பிளாக். சட்டத்துக்கு 40-க்கு 40 ஸ்கொயர் டியூப், 3 மில்லிமீட்டர் கனம், நான்கு மீட்டர் போதும். ஸ்ப்ராக்கெட்டுகளைக் கிரப் ஸ்க்ரூவை (தண்டை அழுத்திப் பிடிக்கும் தலையில்லாச் சிறு திருகு) மட்டும் நம்பிப் பொருத்தாதீர்கள். முன்னும் பின்னுமாக மாறி மாறி ஓட்டும் வண்டியில் அது ஒரு மாதம் தாங்காது. தண்டிலும் ஸ்ப்ராக்கெட்டிலும் சாவிக்குழி எனும் காடி வெட்டி, இரண்டையும் பூட்டும் இரும்புத் துண்டை (சாவி) போடுங்கள். மோட்டார் பிடிக்கும் தகட்டில் துளைக்குப் பதில் நீளக் காடி வெட்டினால்தான் செயினை இறுக்க முடியும். நடுவில் 8 முதல் 10 மில்லிமீட்டர் தளர்வு இருக்க வேண்டும்.

குறை ஒன்று உண்டு, பெரிய குறை. இதில் பிரேக் இல்லை. சரிவில் விமானம் டக்கைத் தள்ளிக்கொண்டு போகும். காண்டாக்டர் (பெரிய மின்னோட்டத்தை இணைத்துத் துண்டிக்கும் ரிலே) விடுபடும்போது மோட்டாரைக் கன்ட்ரோலரிலிருந்து (வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்சுற்று) பிரித்து, ஒரு ஓம் ரெசிஸ்டர் வழியாக அதன் இரு முனையையும் சேர்க்கும்படி இணைத்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி உருளும் வேகத்தைக் குறைக்கும். நிறுத்தாது, குறைக்கும். சக்கரக் கட்டையைக் கையோடு வைத்திருக்க வேண்டும்.

சக்கர நாற்காலி மோட்டார்

முதல் இடம் இதற்கு, காரணம் பிரேக். மின்சாரம் நின்றதும் ஸ்பிரிங் பிரேக்கைப் பிடித்துவிடும். 24 வோல்ட் கொடுத்தால்தான் காந்தச் சுருள் அதை விடுவிக்கும். கையை எடுத்தால் வண்டி நிற்கிறது. மேட்டில் ஒரு டன் எடையை நகர்த்தும்போது இந்த ஒரு குணத்துக்காகவே இதை வாங்கலாம். கியர்பாக்ஸ் உள்ளேயே இருப்பதால் இடைத்தண்டு, செயின் எதுவும் வேண்டாம்.

இரண்டு மோட்டாரையும் ஒரே 24 வோல்ட் கன்ட்ரோலரில் தொடராக இணைப்பது நல்ல வழி. வேகம் பாதியாகும், அது நமக்கு வேண்டியதே. இரண்டிலும் ஒரே மின்னோட்டம் ஓடுவதால் முறுக்கு விசை சமமாகி, திருப்பும்போது வெளிச்சக்கரம் தானாக வேகமாகச் சுற்றும். டிஃபரன்ஷியல் இல்லாமலே அந்த வசதி. பதிலுக்கு, ஒரு சக்கரம் எண்ணெயில் வழுக்கினால் அது மட்டும் சுற்றும், மற்றது நிற்கும். பிரேக் சுருள்களைத் தொடராக அல்ல, தனித்தனியே 24 வோல்ட்டில் கொடுங்கள்.

நாற்காலியின் ஜாய்ஸ்டிக் கன்ட்ரோலரையே பயன்படுத்தினால் பிரேக் சுருள்கள் இணைந்தே இருக்க வேண்டும். இல்லையென்றால் அது பிழை காட்டி ஓட மறுக்கும். ஜாய்ஸ்டிக் இன்னோர் ஆபத்தும் கொண்டது: பக்கவாட்டில் சாய்த்ததும் சக்கரங்கள் எதிரெதிராகச் சுற்றி முன்சக்கரத்தை முறுக்கிவிடும்.

பழையதை வாங்கும்போது இடது-வலது ஜோடியாக வாங்குங்கள். கியர்பாக்ஸ் விளிம்பில் எண்ணெய்க் கசிவு, பிரஷ் தேய்மானம், மல்டிமீட்டரில் பிரேக் சுருளின் தொடர்பு, இந்த மூன்றையும் அங்கேயே பாருங்கள். சுருள் அறுந்திருந்தால் பிரேக் விடுபடாது.

மின்சாரப் பகுதி

பேட்டரி பாசிட்டிவ் முனைக்கு ஒட்டியே 40 ஆம்பியர் ஃபியூஸ், 6 சதுர மில்லிமீட்டர் வயர், கையை எடுத்தால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும் சுவிட்ச் வழியாகக் காண்டாக்டர். இந்தச் சுவிட்சைச் சிலர் தேவையில்லை என்று விடுகிறார்கள். மின்சைக்கிள் திராட்டிலில் (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடி) மூன்று வயர் உண்டு: 5 வோல்ட், கிரவுண்ட், சிக்னல். கைப்பிடி மடியும் இடத்தில் வயர் நாள்தோறும் வளைகிறது. உறை நலமாகத் தெரியும், உள்ளே செம்பு இழை ஒவ்வொன்றாக அறும். கிரவுண்ட் வயர் முதலில் அறுந்தால் சிக்னல் 5 வோல்ட்டை நோக்கி ஏறி, மோட்டார் முழு வேகத்தில் பாயும். திராட்டிலைத் திருப்பி வைத்தாலும் நிற்காது. காண்டாக்டர் ஒன்றுதான் அப்போது காப்பாற்றும். முன்-பின் சுவிட்சை ஓட்டத்தில் மாற்றினால் கன்ட்ரோலரில் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் டிரான்சிஸ்டர் (மாஸ்ஃபெட்) போய்விடும். வண்டி நின்ற பிறகு மாற்றுங்கள்.

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு பரவும். பிரஷ் மோட்டாரும் காண்டாக்டரும் பொறி விடும். எரிபொருள் நிரப்பும் இடத்திலோ வாடை அடிக்கும்போதோ டக்கை இயக்கக் கூடாது.

முன்சக்கரத்தின் எல்லை

செஸ்னா 172-இன் முன்சக்கரத்தை இழுக்கும்போது இரு பக்கமும் 30 டிகிரிக்கு மேல் திருப்பக் கூடாது. கையால் தள்ளும்போது எல்லையில் முட்டுவது கைக்குத் தெரியும். மோட்டாருக்குத் தெரியாது, அது தள்ளிக்கொண்டே போய் ஸ்டியரிங் பாகங்களை வளைத்துவிடும். பழுதுச் செலவு டக்கின் விலையைப் போலப் பல மடங்கு. டக்கின் மேல்தகட்டில் 25 டிகிரியில் இரு சிவப்புக் கோடும், விமானத்தின் நேர்கோட்டைக் காட்ட ஒரு முள்ளும் வையுங்கள். ஆர்வி-6ஏ போல முன்சக்கரம் தானாகத் திரும்பும் விமானங்களில் இந்தத் தொல்லை குறைவு.

கொக்கி பிடிக்கும் இடத்தை உங்கள் விமானத்திலேயே அளந்து செய்யுங்கள். அலுமினியத்தைக் கீறாமல் இருக்க ஊசிகளில் நைலான் உறை. விமானத்தில் ஒரு துளைகூடப் போடக் கூடாது.

டக் மாட்டியிருக்கும்போது உங்கள் தலை பிரொப்பெல்லருக்கு ஓரடி தூரத்தில் இருக்கிறது. மேக்னெட்டோ (எஞ்சினுக்குப் பொறி தரும் கருவி) ஆஃப் ஆகியிருந்தாலும் பிரொப்பெல்லரைத் தொடாதீர்கள், அதைப் பிடித்துத் தள்ளாதீர்கள். டக்கின் கைப்பிடியில் நீளமான சிவப்பு நாடா கட்டுங்கள், விமானி இருக்கையிலிருந்து பார்த்தால் தெரியும் அளவுக்கு. விமானத்தின் சாவியை அந்தக் கைப்பிடியிலேயே மாட்டி வைத்தால், டக் மாட்டியிருப்பதைப் பார்க்காமல் சாவியை எடுக்க முடியாது.